பிரஸ் ஷாப் இங்கிலீஷ்

மெஷின்கள் அலறும் கூடத்தில் நின்று தாராளமாக ஆங்கிலம் பேசும் ஒரு பெண்ணுக்கு, அதே தொழிற்சாலையின் ஆபீஸ் அறைக்குள் நுழைந்ததும் ஒரு சொல்கூட வாயில் வராமல் போகிறது. ஏன் என்று உங்களால் சொல்ல முடியுமா?

பயம் என்றுதான் சொல்லியிருப்பீர்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அதைத்தான் சொல்கிறார்கள். அந்தப் பதில் தவறு. சரியான பதிலைக் கண்டுபிடித்தவர் ஆராய்ச்சியாளரோ மொழிப் பேராசிரியரோ அல்ல. தண்ணீர்க் குடத்தோடு நின்றுகொண்டிருந்த ஜமீலா.

ஆனால் கதை ஜமீலாவுடையதல்ல, அவருடைய தோழி நாகவல்லியுடையது.

நாகவல்லியின் அப்பாவும் அம்மாவும் பாரிவாக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டு, களை பறித்துப் பிழைத்தவர்கள். நிலத்துக்காரர்கள் வயலை மனை போட்டு விற்கத் தொடங்கியதும், அங்கே வேலை செய்தவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை. அப்பா இறந்த பிறகு அம்மா எல்லம்மா மகளைக் கூட்டிக்கொண்டு அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டை ஒட்டிய மண்ணூர்பேட்டைக்கு வந்து, வரிசை வீடுகளில் ஒன்றில் குடியேறினார். பத்தாவது வரை தமிழில் படித்திருந்த நாகவல்லி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்தில் ஒரு தொழிற்சாலையின் பிரஸ் ஷாப்பில் சேர்ந்தார். தகட்டை உள்ளே தள்ளினால் மேலிருந்து இறங்கும் பிரஸ் அதை அழுத்தி, வெட்டி, மின்சாரப் பெட்டிக்கான பாகமாக வெளியே அனுப்பும். தள்ளிய கையை நேரத்துக்கு இழுக்காவிட்டால் அதையும் அழுத்தும். அச்சுகளை மாட்டிக் கொடுக்கும் கோதண்டம் தன் வலக் கையில் இரண்டு விரல்களை அப்படித்தான் இழந்திருந்தார். பிரஸ்ஸுக்கு ஒரு தடுப்புக் கம்பி மாட்டியிருந்தால் அவை இன்றும் இருந்திருக்கும். தடுப்பு மாட்டினால் வேகம் குறையும் என்று நிர்வாகம் சொன்னது. கோதண்டத்தின் விரலைவிட வேகம் அவர்களுக்கு அருமையாக இருந்தது.

அந்தக் கூடத்தில் பெண்கள் பிரஸ்ஸை விட்டு வெளியே வர ஒரே ஒரு வழிதான். லைன் இன்ஸ்பெக்டர் வேலை. வந்து விழும் பாகங்களை அளந்து பார்த்து, சரியில்லாததை ஒதுக்குகிற வேலை. பிரஸ்ஸிலிருந்து தள்ளி ஒரு மேசை. அந்த மேசைக்குப் போய்விட்டால் பத்து விரல்களோடு ஓய்வு பெறலாம். நாகவல்லி அதை விரும்பியதில் வேறு மர்மம் எதுவும் இல்லை.

ஆனால் வெளிமாநிலத்திலிருந்து சரக்கு வாங்குகிறவர்கள் அடிக்கடி வந்து பார்ப்பார்கள், அவர்களுக்கு லைன் இன்ஸ்பெக்டர்தான் விளக்க வேண்டும். ஆகவே அந்த வேலைக்கு ஆண்டுக்கு ஒருமுறை நேர்காணல் உண்டு. ஒரு பாகத்தைக் காட்டி, இது எப்படிச் செய்யப்படுகிறது என்று ஆங்கிலத்தில் சொல்லச் சொல்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிற்சங்கத்தின் கொட்டகையில் ஆங்கில வகுப்பு நடந்தது. நாகவல்லியும், அதே பிரஸ் ஷாப்பில் வேலை செய்த ஜமீலாவும், பாக்கிங்கில் வேலை செய்த கண்ணம்மாவும் போனார்கள். 'லுக் அட்' என்றால் பார், 'லுக் ஃபார்' என்றால் தேடு, 'லுக் ஆஃப்டர்' என்றால் பார்த்துக்கொள் என்று ஆசிரியர் பலகை நிறைய எழுதிப் போட்டார். 'டேக்'குக்கு ஒரு பட்டியல், 'புட்'டுக்கு ஒரு பட்டியல், 'கெட்'டுக்கு முடிவே இல்லாத ஒரு பட்டியல். எந்த வினைக்கு எந்தச் சின்னச் சொல் ஒட்டும், ஏன் ஒட்டும் என்று நாகவல்லி கேட்டார். கேள்வி கேட்காமல் மனப்பாடம் செய்யும்படி ஆசிரியர் சொன்னார். நம் நாட்டில் எத்தனை மூளைகளை இந்த ஒரு வாக்கியம் தின்றிருக்கிறது என்று கணக்கெடுக்க ஆளில்லை.

கண்ணம்மா சொன்னபடி கேட்டார். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பட்டியலை முணுமுணுப்பார். நாகவல்லிக்கு அது ஒத்துவரவில்லை. 'புட் ஆன்', 'புட் ஆஃப்', 'புட் அவுட்' எல்லாம் ஒன்றோடொன்று குழம்பின. ஏன் என்று தெரியாத எதுவும் அவர் தலையில் தங்காது.

ஏன் என்பதற்கான விடை பிரஸ் ஷாப்பிலேயே இருந்தது.

அங்கே வாயால் பேச முடியாது. பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. ஆகவே ஆண்டுக்கணக்காக அங்கே வேலை செய்தவர்கள் கையால் பேசிப் பழகியிருந்தார்கள். தலைக்கு மேல் விரலைச் சுழற்றினால் மெஷினை ஓட்டு. உள்ளங்கையைக் குறுக்கே வீசினால் நிறுத்து. முன்னால் குத்தினால் உள்ளே தள்ளு, மார்பை நோக்கி இழுத்தால் வெளியே எடு, மணிக்கட்டைப் புரட்டினால் தகட்டைத் திருப்பிப் போடு. கோதண்டம் கை பேசுவது மட்டும் புதியவர்களுக்குச் சற்றுத் தாமதமாகவே விளங்கும். அவரே அதைச் சொல்லிச் சிரிப்பார்: "என் பாஷையில ரெண்டு எழுத்து கம்மி."

ஒருநாள் அச்சில் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டது. கோதண்டம் தூரத்தில் நின்றபடி இரண்டு கைகளாலும் பிய்த்து விலக்குவதுபோல் காட்டினார். நாகவல்லியின் உதடு தானாக 'டேக் ஆஃப்' என்றது. அடுத்து கோதண்டம் மார்பை நோக்கி இழுத்துக் காட்டினார். 'டேக் அவுட்'. இரண்டும் 'டேக்'தான், ஆனால் கை போன திசை வேறு. நாகவல்லிக்குத் துண்டை எடுக்க மறந்துபோயிற்று. அந்தச் சின்னச் சொற்கள் ஒவ்வொன்றும் ஒரு கையசைவு!

தேநீர் இடைவேளையில் இதை அவர் சொன்னபோது ஜமீலா முதலில் நம்பவில்லை. 'லுக்'கில் கை எங்கே இருக்கிறது என்று மடக்கினார். நாகவல்லி விரலை நீட்டிக் காட்டினார், 'லுக் அட்'. புருவத்தின் மேல் கையை வைத்துத் தலையை அங்குமிங்கும் திருப்பினார், 'லுக் ஃபார்'. இடுப்பில் இல்லாத குழந்தையை ஆட்டினார், 'லுக் ஆஃப்டர்'. ஜமீலா டீயைக் கீழே வைத்துவிட்டார்.

அதன்பின் அந்தக் கூடத்தில் ஒரு புது விளையாட்டு பிறந்தது. சத்தத்துக்கு நடுவே ஒருவர் கையைக் காட்ட, எதிரில் இருப்பவர் உதட்டை அசைத்து ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். ஜமீலா நாகவல்லியின் தோளில் முழங்கையை ஊன்றிச் சாய்ந்தால் 'டிபெண்ட் ஆன்', சார்ந்திருப்பது. சுமையைத் தலையில் வைத்துக் கழுத்தை இறுக்குவதுபோல் காட்டினால் 'புட் அப் வித்', அதாவது சகித்துக்கொள்வது. தலையில் செங்கல் சுமக்காத எந்த ஆங்கிலேயனுக்கும் அந்தச் சொல் இவ்வளவு தெளிவாக விளங்கியிருக்காது.

கை காட்டியதெல்லாம் சரியாக இருந்ததா? இல்லை. கல்யாணத்துக்கு இரண்டு சுண்டு விரல்களைக் கோத்துக் காட்டினார்கள். ஆகவே கடைசிவரை 'மேரீடு வித்' என்றே சொன்னார்கள், 'மேரீடு டு' என்று சொல்லவே இல்லை. ஆசிரியர் திருத்தினார். ஒருவரை நோக்கிப் போய் முடிவதா கல்யாணம், இருவரும் சேர்ந்ததுதானே என்று நாகவல்லி அவரோடு வாதாடினார். ஆங்கிலம் அவருடைய வாதத்தை ஏற்கவில்லை. ஆனாலும் அந்தச் சண்டைக்குப் பிறகு, வாயால் சொல்லாவிட்டாலும், 'டு'தான் சரி என்பது அவருக்கு மறக்கவில்லை.

நாமும் இதைத்தான் செய்கிறோம், கவனிப்பதில்லை. போட்டான், போட்டுக்கொண்டான், போட்டுவிட்டான், போட்டுக்கொடுத்தான். கடைசியில் உள்ளது சூப்பர்வைசரிடம் நம்மைப் பற்றிக் கோள் சொன்னது என்று எஸ்டேட்டில் எல்லாருக்கும் தெரியும். யார் இதற்குப் பட்டியல் போட்டுப் படித்தார்கள்? நம் வினையின் பின்னால் இன்னொரு வினை வந்து நின்று பொருளை மாற்றுகிறது. அவர்களுடைய வினையின் பின்னால் ஒரு திசை வந்து நிற்கிறது. இதில் அவர்களும் உயர்ந்தவர்கள் இல்லை, நாமும் தாழ்ந்தவர்கள் இல்லை.

எண்பத்தொன்பதில் நாகவல்லி முதல்முறையாக நேர்காணலுக்குப் போனார். மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் பணியாளர் அதிகாரி ரகுநாதன். மேசைமேல் ஒரு பாகம் கிடந்தது. தினமும் நூற்றுக்கணக்கில் நாகவல்லியின் கையால் வெளியே வருகிற அதே பாகம். பெயர், ஊர், வேலை எல்லாம் தமிழில் கேட்டார்கள். நாகவல்லி தெளிவாகப் பதில் சொன்னார். பிறகு அந்தப் பாகத்தைப் பற்றி ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னார்கள்.

எதுவும் வரவில்லை. 'ஐ டேக்' என்று தொடங்கினார். 'டேக்'குக்குப் பிறகு என்ன? ஆன், ஆஃப், அவுட், அப் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து முட்டிக்கொண்டு நின்றன. ஒன்றுகூட வெளியே வரவில்லை. ரகுநாதன் பரிவாகவே பேசினார் என்பதைச் சொல்ல வேண்டும். இதெல்லாம் உங்களுக்கு எதற்கம்மா என்று கேட்டார். அந்தப் பரிவைவிட அவர் அறைந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்ததாம் நாகவல்லிக்கு.

எல்லாரும் காரணம் சொன்னார்கள். கண்ணேறு என்று எல்லம்மா உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். சனி பிடித்திருக்கிறது என்றார் பக்கத்து வீட்டுக்காரர். படிக்காத குடும்பம், அவ்வளவுதான் வரும் என்றார்கள் இன்னும் சிலர். இவர்கள்தான் எல்லாரையும்விட ஆபத்தானவர்கள். சனியையாவது சனிக்கிழமையோடு விட்டுவிடலாம். இவர்கள் பிறப்பையே காரணமாக்குகிறார்கள்.

நாகவல்லி அம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கண்ணு பட்டதுன்னா தமிழும்தானேம்மா நின்னுருக்கணும்? தமிழ் நல்லா வந்துச்சே. இங்கிலீஷ மட்டும் பாத்து எப்படிமா கண்ணு படும்?"

எல்லம்மா மிளகாய் நெடியில் இருமிக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

அந்தக் கேள்வியை நான் மிகவும் மதிக்கிறேன். பயமாக இருந்தாலும் தமிழும் தடுமாறியிருக்க வேண்டும். தடுமாறவில்லை. ஆக, பயமும் காரணமில்லை. பிறகு என்ன? பல மாதங்கள் இது நாகவல்லியைக் குடைந்தது.

ஒரு கோடைக் காலையில் தெருவின் அடிபம்பில் தண்ணீர் பிடித்துவிட்டு நாகவல்லியும் ஜமீலாவும் திரும்பினார்கள். நாகவல்லியின் இடுப்பில் ஒரு குடம், மறு கையில் ஒரு குடம். ஜமீலா வழக்கம்போல் விளையாட்டாக, தேடு என்பதற்கு ஆங்கிலம் கேட்டார். நாகவல்லி 'லுக்' என்றார். அதோடு நின்றுவிட்டார். சகித்துக்கொள் என்றால்? 'புட்', அவ்வளவுதான். எரிச்சலில் கையிலிருந்த குடத்தைத் தரையில் வைத்தார். கை தலைக்குப் போயிற்று. 'புட் அப் வித்' என்று தெளிவாக வந்தது.

ஜமீலா நடையை நிறுத்தினார்.

"இன்னாடி இது? கொடத்த எடு. திரும்பத் தூக்கு."

"ஏன்டி, கை விட்டுப்போவுது எனக்கு."

"தூக்குடி, சொல்றேன். இப்ப சொல்லு, சார்ந்திருன்னா இன்னா?"

நாகவல்லி குடத்தோடு நின்று விழித்தார். ஜமீலா நடுத்தெருவில் சிரிக்க ஆரம்பித்தார். "உன் இங்கிலீஷ் வாயில இல்லடி. கையில கீது."

அந்த ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் ஒரு சோதனை நடத்தினார்கள். வருகிறவர்களின் கைகளை ஒரு தாவணியால் பின்னால் கட்டிவிட்டுக் கேள்வி கேட்டார்கள். பிரஸ் ஷாப்பில் கையால் படித்த பெண்கள் எல்லாரும் திணறினார்கள். பட்டியலை மனப்பாடம் செய்த கண்ணம்மாவுக்கு மட்டும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. கட்டுவதற்கு முன் எவ்வளவு தப்பாகச் சொன்னாரோ, கட்டிய பிறகும் அதே அளவு தப்பாகச் சொன்னார். கொட்டகையே சிரித்தது, கண்ணம்மாவும் சேர்ந்து சிரித்தார். ஆனால் அது சாதாரணக் காரியமல்ல. ஒப்பிட்டுப் பார்க்க ஒருவர் இருந்தால்தான் சோதனைக்கு மதிப்பு. அது அந்தப் பெண்களுக்கு யாரும் சொல்லித் தராமலே தெரிந்திருந்தது.

ஒரு முடிச்சு மிச்சமிருந்தது. நேர்காணல் அறையில் நாகவல்லியின் கையில் குடமும் இல்லை, தாவணிக் கட்டும் இல்லை. அப்போது கை என்ன செய்துகொண்டிருந்தது? நாகவல்லிக்கு ஞாபகமே இல்லை. சும்மாதான் இருந்தது என்றார்.

ஜமீலா அதை நம்பவில்லை. லீவு கேட்டு ரகுநாதனின் அறைக்கு ஆட்கள் போய்வரும் ஒரு மதியத்தில், எதிரே உள்ள குடிநீர்க் குழாயடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொருவராக வந்தார்கள். வாசலுக்கு ஓரடி முன்னால், செருப்பைக் கழற்றுவதுபோல அத்தனை இயல்பாக, இரண்டு கைகளையும் மார்பில் கட்டிக்கொண்டார்கள். ஆண், பெண், இளையவர், தலை நரைத்தவர், எல்லாரும். ஜமீலா வேண்டுமென்றே நாகவல்லியை ஒரு லீவுச் சீட்டோடு உள்ளே அனுப்பினார். நாகவல்லியும் கட்டினார். வெளியே வந்தவரிடம் கேட்டபோது, நான் எங்கே கட்டினேன் என்றார்.

விடை இதுதான். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கையைக் கட்டச் சொன்னார். அதற்கும் முன்னால் நாகவல்லியின் அப்பா, தன் அப்பாவைப்போலவே, நிலத்துக்காரர் வீட்டு வாசலில் கை கட்டி நின்றதைச் சிறுமியாக நாகவல்லி பார்த்திருந்தார். மூன்று தலைமுறையாகக் கட்டிய கை அது, கட்டியிருப்பதே தெரியாத அளவுக்குப் பழகிப்போன கட்டு. இதற்கு மரியாதை என்று பெயர் வைத்திருக்கிறோம். உழைக்கிறவன் கையை அவன் மார்போடு பூட்டிவைத்துவிட்டு, இவனுக்குப் பேச வராது என்று தீர்ப்பும் எழுதுகிறோம். எனக்குத் தெரிந்த எந்த மந்திரத்தையும்விட இது திறமையான ஏமாற்று.

காரணம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது என்று நினைத்தார்கள். முடியவில்லை. கட்டாமல் நிற்பது கட்டி நிற்பதைவிடக் கடினமாக இருந்தது. ஜமீலா நாற்காலியில் அதிகாரிபோல் உட்கார்ந்து பழக்கினார். கோதண்டமும் ஒருநாள் அதிகாரியாக நடித்தார், மிக மோசமாக. நாகவல்லி உள்ளே வந்ததும் முதலில் அவரே கையைக் கட்டிக்கொண்டார்.

அடுத்த ஆண்டு அதே அறை, அதே மூன்று பேர். நாகவல்லி கைகளைத் தொங்கவிட்டு நின்றார். பாகத்தைப் பற்றிச் சொல்லும்படி கேட்டதும், மேசையிலிருந்து அதைக் கையில் எடுத்தார். இதுவரை யாரும் அப்படி எடுத்ததில்லை. 'ஃபர்ஸ்ட் ஐ டேக் அவுட் த ஷீட்' என்று இழுத்துக் காட்டினார். 'தென் ஐ புட் இட் இன்' என்று தள்ளினார்.

ரகுநாதன் நிறுத்தினார். "என்னம்மா இது, கையை ஆட்டிக்கிட்டு? இது என்ன பஜாரா? கையைக் கட்டி நின்னு பேசு."

நாகவல்லியின் கைகள் பாதி மேலே எழுந்துவிட்டன. மூன்று தலைமுறைப் பழக்கம் அப்படி எளிதில் விடாது. கையிலிருந்த பாகத்தின் விளிம்பு உள்ளங்கையில் குத்தியதால் அவை பாதியிலேயே நின்றதாகப் பிறகு சொன்னார்.

"கையக் கட்டினா தமிழ் வரும் சார். இங்கிலீஷ் வராது. உங்களுக்கு எது வேணும்?"

ரகுநாதனின் முகம் இறுகியது. ஓரத்தில் இருந்த உற்பத்திப் பிரிவு மேலாளர், வாங்க வருகிறவர்களிடம் விளக்கத்தான் ஆள் தேவை, வணக்கம் வைக்க அல்ல என்று ரகுநாதனிடம் மெல்லச் சொன்னார். அவருக்குப் பெருந்தன்மை ஒன்றும் இல்லை, சரக்கு போக வேண்டும், அவ்வளவுதான். தொடரச் சொன்னார்கள். நாகவல்லி அழுத்தி, புரட்டி, பிய்த்து, ஒதுக்கி, முழு வேலையையும் அந்த அறையின் நடுவே கையால் செய்து வாயால் சொன்னார். சில இடங்களில் தப்பு வந்தது. நிற்கவில்லை.

முடிவு உடனே வரவில்லை. பணிவு போதாது என்று ரகுநாதன் குறிப்பு எழுதியிருப்பதாகப் பேச்சு அடிபட்டது. நாகவல்லி வழக்கம்போல் பிரஸ்ஸில் நின்றார். ஒரு பிற்பகலில் அறிவிப்புப் பலகையைப் பார்த்துவிட்டுக் கோதண்டம் கூடத்தின் மறுகோடியிலிருந்து கையை உயர்த்தினார். நாகவல்லியைச் சுட்டினார். பிரஸ்ஸைச் சுட்டினார். பிறகு மார்பை நோக்கி ஓர் இழுப்பு, 'டேக் அவுட்'. அதோடு விடாமல் தன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். தெரிந்தது எட்டு விரல். அவர் பத்து என்கிறார் என்பது நாகவல்லிக்கு விளங்கியது. மெஷினை நிறுத்திவிட்டுத் தன் கைகளையே சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

கதை இங்கே இனிப்பாக முடிந்ததாக நினைக்க வேண்டாம். ரகுநாதனின் வாசலில் மற்றவர்கள் கட்டிய கை கட்டியபடியேதான் இருந்தது. தடுப்புக் கம்பி வர இன்னும் ஒரு விரலும் ஒரு வேலைநிறுத்தமும் தேவைப்பட்டன. நாகவல்லி லைன் இன்ஸ்பெக்டரான சில மாதங்களில், புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் ஏதோ கேட்க அவருடைய மேசைமுன் வந்தாள். வந்தவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நாகவல்லியின் முன்னால்! ஒரு கணம் அது நன்றாகத்தான் இருந்தது என்று நாகவல்லியே பிறகு ஒப்புக்கொண்டார். அதிகாரத்தின் ருசி யாரையும் விடாது. அடுத்த கணம் அவர் ஒரு பாகத்தை எடுத்து அவளிடம் நீட்டினார். வாங்குவதற்கு அவள் கையை அவிழ்க்க வேண்டியிருந்தது.

"இப்ப சொல்லு," என்றார் நாகவல்லி.

உங்களிடம் ஒரு மேசை இருக்கலாம். வகுப்பறையில், வங்கியில், தாலுகா ஆபீஸில், வீட்டு வரவேற்பறையில். அதன் முன்னால் நாளைக்கு ஒருவர் கை கட்டி வந்து நிற்பார். இவருக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவு செய்யும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். பேனாவோ, தண்ணீர் டம்ளரோ, அவர் கேட்டு வந்த பொருளோ, எதையாவது அவர் கையில் கொடுங்கள். கொடுத்துவிட்டு, பிறகு கேளுங்கள்.